நூற்றுக்கு நூற்றொன்று

இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது யாதெனில்: நெருப்பைக் கண்டுபிடித்த நாள், சக்கரத்தைக் கண்டுபிடித்த நாள், இவ்விரண்டுக்கும் அடுத்தபடியாக மனிதகுலம் பொன்னெழுத்துகளில் பொறித்துவைக்க வேண்டிய நாள் இன்று உதயமாகியுள்ளது. இன்று முதல் நமது பிஸ்கட் தொழிற்சாலையின் அடுப்பை எறும்புகள் நிர்வகிக்கும். இப்படிக்கு, மானேஜர்.

தாள் ஒட்டப்பட்டிருந்த பலகை கழிப்பறைக்குப் போகும் வழியில் இருந்தது. அதனால் எல்லோரும் படித்தார்கள். பாதிப் பேர் அவசரமாகப் படித்தார்கள்.

"எறும்பையா வேலைக்கு வெச்சிருக்காங்க? அதுவும் பிஸ்கட் கம்பெனியில?" என்றார் பொட்டலப் பிரிவுக்காரர் ஒருவர்.

"பாலுக்குப் பூனை காவல்னு கேள்விப்பட்டதில்லையா? அந்த மாதிரிதான்."

"நமக்கு உட்கார ஒரு நாற்காலி கேட்டா இல்லைங்கறாங்க. அதுங்களுக்கு ஆறு கால். நின்னுக்கிட்டே வேலை பார்க்கும்."

மதியத்துக்குள் துப்புரவு மேஸ்திரி முதுகில் மருந்து டப்பாவும் கையில் குழாயுமாக வந்து நின்றுவிட்டார். "எங்க இருக்குது? அடுப்புப் பக்கம் நிறைய வந்துடுச்சாமே." இது அந்த எறும்பு இல்லை, கம்ப்யூட்டருக்குள் இருக்கிற எறும்பு என்று சொல்லிப் பார்த்தார்கள். "அப்ப அதுக்குள்ளதான் அடிக்கணும்" என்று அவர் மாடி ஏறப் போனதைத் தடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

மானேஜருக்குத் தொழிற்சாலையில் வழங்கிய பெயர் புரட்சி. கேன்டீனில் எவர்சில்வர் டம்ளர்களை எடுத்துவிட்டுக் காகிதக் கப் வைத்தபோது அதைப் 'பானப் புரட்சி' என்று பலகையில் போட்டார். காகிதக் கப் சூடு தாங்காமல் மடியில் ஒழுகியதும் பழைய டம்ளர்களையே திரும்பக் கொண்டுவந்தார். அது 'பசுமைப் புரட்சி'. மனிதர் கெட்டவர் இல்லை. எதையும் மெதுவாகச் சொல்லத் தெரியாது, அவ்வளவுதான்.

எறும்பைக் கொண்டுவந்தது அவர் அல்ல. மாடியில், பழைய மாவு மூட்டைகள் கிடந்த அறையைக் காலிசெய்து ஒரு மேசை போட்டுக் கொடுத்திருந்தார்களே, அங்கே உட்கார்ந்திருந்த பெண்மணி. கணிதத்தில் பெரிய படிப்பு. எல்லோரும் கணக்கு என்றார்கள், நேரில் பார்க்கும்போது மட்டும் ஒரு 'அம்மா' சேர்த்துக்கொண்டார்கள்.

சிக்கல் என்னவென்றால், வட்டப் பால் பிஸ்கட். அடுப்பிலிருந்து வரும்போது ராஜா மாதிரி வரும். மறுநாள் பொட்டலத்தைப் பிரித்தால் நடுவில் மயிரிழை விரிசல் ஓடியிருக்கும், கையில் எடுத்தால் இரண்டு துண்டு. ஓரம் காற்றின் ஈரத்தைக் குடித்து வீங்குகிறது, நடுப்பகுதி காய்ந்து சுருங்குகிறது. ஒரே வீட்டில் ஒருத்தர் வீங்கி ஒருத்தர் சுருங்கினால் குடும்பமே பிரிகிறது, பிஸ்கட் எம்மாத்திரம்?

இதைச் சரிசெய்ய ஆறு திருகுகள் இருந்தன. அடுப்பின் முன்பக்கச் சூடு, நடுச் சூடு, கடைசிச் சூடு, அடுப்புக்குள் ஓடும் பட்டையின் வேகம், மாவில் தண்ணீர், ஆறவைக்கும் பட்டையின் வேகம். ஒன்றைத் திருகினால் மற்ற ஐந்தும் கோபித்துக்கொள்ளும். பல வருடங்களாக ஆளுக்கு ஒரு திருகைத் திருகிவிட்டு அடுத்தவர்மேல் பழிபோட்டு வந்தார்கள்.

அறிவிப்புக்கு முந்தின வாரம் கணக்கு, புரட்சியின் அறைக்குப் போய் விளக்கினாள்.

"எறும்பு போற வழியில வாசனை விட்டுட்டுப் போகும் சார். கிட்ட வழியில போனது சீக்கிரம் திரும்பி வரும், அந்த வழியில வாசனை சீக்கிரம் சேரும். அடுத்தது வாசனை கூட இருக்கற பக்கமாப் போகும். யாரும் போகாத வழியில இருந்த வாசனை காத்தோட போயிடும். இதையே கம்ப்யூட்டர்ல பொய் எறும்பு வெச்சுப் பண்ணி, ஊர் ஊராச் சுத்தற லாரிக்கெல்லாம் வழி கண்டுபிடிக்கறாங்க."

"பிரமாதம். அப்படியே நம்ம அடுப்புக்கும் பண்ணிடுங்க."

"அப்படியே பண்ண முடியாது சார். லாரிக்குத் தெரு இருக்கு. இந்தத் தெரு, இல்லேன்னா அந்தத் தெரு. அடுப்புல தெரு எங்க இருக்கு? இருநூத்திப் பத்து டிகிரிக்கும் இருநூத்திப் பதினொண்ணுக்கும் நடுவுலயே எண்ணி மாளாத இடம் கிடக்கு. வெறும் மைதானம். மைதானத்துல எறும்பு எங்கன்னு வாசனை விடும்?"

புரட்சி மின்விசிறியைப் பார்த்து யோசித்தார். "நாமளே தெரு போட்டுடலாமே?"

"போட்டுப் பார்த்தேன். பத்துப் பத்து டிகிரியாப் படி கட்டினேன். நல்ல இடம் ரெண்டு படிக்கு நடுவுல இருந்தா எறும்பு அதைத் தாண்டிப் போயிடுது. அதனால இப்ப வாசனையைத் தரையில விடல, ஒரு பலகையில வெச்சுக்கறேன். இதுவரைக்கும் பண்ணின சோதனையில நல்லதா வந்ததை எல்லாம் பலகையில வரிசையா ஏத்திடுவேன். புது எறும்பு அதுல ஒண்ணைப் பிடிக்கும். மேல இருக்கறதை அடிக்கடி பிடிக்கும், கீழ இருக்கறதை எப்பவாவது. பிடிச்சதுக்குப் பக்கத்துல எங்கயாவது போய் நிக்கும்."

"எவ்வளவு பக்கம்?"

நல்ல கேள்வி. கணக்குக்கே ஆச்சரியமாக இருந்தது.

"பலகையில இருக்கற மத்தது எல்லாம் எவ்வளவு தள்ளித் தள்ளி இருக்கோ, அதுக்குத் தகுந்த மாதிரி. சிதறி இருந்தா எட்டி அடி வைக்கும். எல்லாம் ஒரே இடத்துல கூடிட்டா அடி சின்னதாயிடும். புது இடம் நல்லா இருந்தா பலகையில ஏறும், கடைசியில இருக்கறது கீழ விழும். அது விழறதுதான் இங்க வாசனை காத்தோட போறது."

எறும்புக்கும் தன் கையால் எண் சாண் என்பது பழமொழி. கணக்கு கூடுதலாகச் செய்தது, அந்தக் கையின் நீளத்தையும் கூட்டத்தைப் பார்த்து மாற்றிக்கொள்ளச் சொன்னதுதான். பழமொழியை ஒரு தாளில் எழுதித் தன் மேசைக்கு மேலே ஒட்டியும் வைத்திருந்தாள்.

"எறும்பு, மைதானம், பலகை" என்று புரட்சி விரல்விட்டுச் சொல்லிக்கொண்டார். "அறிவிப்பை நான் எழுதிடறேன். ஒண்ணு மட்டும் சொல்லிடறேன்மா. முதலாளியம்மா பார்வைக்கு வரப்போறாங்க. அன்னைக்கு விரிசல் இறங்கியிருந்தா நீங்களும் உங்க மாடியறையும் இங்கயே நிரந்தரம். இறங்கலேன்னா உங்களைப் பழைய தொழிற்சாலைக்கே திருப்பி அனுப்பணும்னு மேலிடத்துல ஒரே பிடிவாதம்."

அந்தக் கட்டடத்தில் அவருக்கு மேலிடம் என்று இருந்தது அந்த மின்விசிறி மட்டும்தான். ஆனால் கணக்கு சிரிக்கவில்லை. பழைய தொழிற்சாலை ஒரு ராத்திரி ரயில் தூரம். அங்கே நான்கு வருடம் தனியாக இருந்துவிட்டு வந்தவள். மகளுக்கு முதல் பல் விழுந்ததைப் போனில்தான் பார்த்தாள்; அதுவும் பாதியில் சார்ஜ் தீர்ந்துவிட்டது. அப்பா, அம்மா, பிள்ளை என்று மூன்று பேரும் ஒரே கூரையின்கீழ் சாப்பிட ஆரம்பித்து இப்போதுதான் ஒரு வருடம். இன்னொரு தடவை அந்த ரயில் ஏற அவளால் முடியாது. இந்தக் கதையில் பணயம் இதுதான். மற்றதெல்லாம் பிஸ்கட்.

வேலை ஆரம்பித்தது. கணக்கின் எறும்புகள் காலையில் ஆறு எண்களைச் சொல்லும். அடுப்புக்காரர்கள் ஆறு திருகையும் அப்படியே வைத்து ஒரு சிறு ஈடு சுடுவார்கள். மறுநாள் அதைத் தரப்பிரிவுத் தலைவர் சோதிப்பார். அவரை நொறுக்கு என்பார்கள். எதிரே இருப்பது பிஸ்கட்டோ சாக்பீஸோ பேனா மூடியோ, பேசிக்கொண்டே உடைத்துப் பார்ப்பது அவர் வழக்கம். நூறு பிஸ்கட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, விரிசல் விட்டவை எத்தனை என்று எண்ணித் தன் அறையிலிருந்த கம்ப்யூட்டரில் 'குறை' என்ற தலைப்பின்கீழ் போடுவார். எண் சிறியதாக இருந்தால் நல்லது. எறும்புகள் அந்த எண்ணைப் பார்த்துப் பலகையை மாற்றிக்கொண்டு அடுத்த ஆறு எண்களைச் சொல்லும்.

பதினான்கு என்று இருந்தது ஒன்பதாயிற்று. ஒன்பது ஆறாயிற்று.

"குறை குறைஞ்சுக்கிட்டே வருதும்மா!" என்று நொறுக்கு போனில் கத்துவார்.

"குறையாம இருக்கட்டும் அண்ணே, குறையறது!"

எறும்பு ஊரக் கல்லும் தேயும். கணக்கு வீட்டில் பாட்டுக்கூட முணுமுணுத்தாள்.

முதலாளியம்மா வருவதற்கு ஒரு வாரம் இருக்கும்போது புரட்சி ஒத்திகை பார்க்க மாடிக்கு வந்தார். கூட்ட அறையில் வைக்கப்போகும் பெரிய திரையை ஆள் வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். திரையில் தெரிந்ததைப் பார்த்ததும் நெஞ்சில் கைவைத்தார்.

"என்னம்மா இது? முதலாளியம்மா வந்து நிமிர்ந்து பார்த்தா முதல் வார்த்தையே குறையா?"

"விரிசல் விட்டதோட எண்ணிக்கை சார் அது."

"எண்ணிக்கை இருக்கட்டும். வார்த்தை வேண்டாம். நம்ம கம்பெனியில குறைன்னு ஒண்ணு கிடையவே கிடையாது. நிறைன்னு போடுங்க."

"நிறைன்னு போட்டா எண்ணையும் திருப்பணும் சார். உடைஞ்சதுக்குப் பதிலா உடையாததை எண்ணணும். சின்னது நல்லதுன்னு இருக்கறதைப் பெரிசு நல்லதுன்னு மாத்தணும்."

"ஆகா! பெரிசு நல்லது! அதைத்தானே நான் வந்த நாள்லேர்ந்து சொல்லிக்கிட்டிருக்கேன்?"

அது கஷ்டமான வேலை இல்லை. பலகையிலிருந்த எண்களை நூறிலிருந்து கழித்தாள். ஆறு, தொண்ணூற்று நான்காயிற்று. எறும்புகளிடம் இனி மேல்நோக்கி ஏறும்படி சொன்னாள். எல்லாக் கம்ப்யூட்டரிலும் தலைப்பை மாற்றினாள். பிறகு நொறுக்கைப் போனில் கூப்பிட்டாள். அந்த உரையாடல் பின்னால் பலமுறை பலராலும் நடித்துக் காட்டப்பட்டதால் வரிக்கு வரி கிடைக்கிறது.

"அண்ணே, நாளையிலேர்ந்து குறை வேண்டாம். நிறையைப் போடுங்க."

"நிறையையா?"

"ஆமா, மானேஜர் சொல்லிட்டாரு."

"போட்டுட்டாப் போச்சு. எவ்வளவு வந்தா நல்லதும்மா?"

"நூத்துக்குப் பக்கத்துல வந்தா நல்லது."

"அது எப்பவும் நூத்துக்குப் பக்கத்துலதானேம்மா இருக்கும்?"

"உங்க வாய் முகூர்த்தம், அப்படியே இருக்கட்டும் அண்ணே!"

இருவரும் சந்தோஷமாகப் போனை வைத்தார்கள்.

அன்று வீட்டில் இதைச் சொன்னாள். கணவர் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துபவர். அங்கே அவருக்குப் பெயரே பிழை. 'பால் வாங்கவும்' என்று அவள் எழுதிவைத்த சீட்டில் 'எவ்வளவு?' என்று ஓரத்தில் சிவப்பு மையில் கேட்டுவிட்டு வாங்காமலே போகிறவர்.

"நிறைன்னா போட்டிருக்க?" என்றார் தட்டைக் கழுவிக்கொண்டே. "ரொம்பப் பொல்லாத வார்த்தை அது. நிறைவும் நிறைதான், எடையும் நிறைதான், பழைய பாட்டுல கற்பும் நிறைதான். பிஸ்கட்டோட கற்பை எப்படி எண்ணுவீங்க?"

"உடையாம இருந்தா கற்போட இருக்குன்னு அர்த்தம்."

"கற்புக்கரசி பிஸ்கட்! பலகையில போடச் சொல்லு, உங்க ஆளு புல்லரிச்சுப் போவாரு."

மகள் வீட்டுப்பாடத்திலிருந்து நிமிர்ந்து, "கற்புன்னா என்னப்பா?" என்றாள். பேச்சு அதோடு நின்றுவிட்டது.

மறுநாளிலிருந்து எண்கள் ஏறின. தொண்ணூற்று ஐந்து. தொண்ணூற்று ஆறு. எறும்புகள் பழைய இடத்தை விட்டுவிட்டு மைதானத்தின் வேறொரு மூலைக்குக் கிளம்பின. அடுப்புச் சூடு இறங்கிக்கொண்டே வந்தது, பட்டை வேகம் பிடித்தது, மாவில் தண்ணீர் கூடிற்று. புது இடம் பழைய இடத்திலிருந்து வெகுதூரம் என்பதால் அடியும் பெரிதாயிற்று; சாண் சாணாக ஊர்ந்த எறும்பு முழம் முழமாகத் தாவியது. கணக்குக்குச் சற்று வியப்பாகத்தான் இருந்தது. ஆனால் படித்தவர்களிடம் ஒரு வசதி உண்டு: வியப்பு வந்தால் அதற்கு ஒரு விளக்கமும் கூடவே வந்துவிடும். 'இத்தனை நாள் சின்னக் குன்றின் உச்சியில் நின்றுகொண்டு அதுதான் மலை என்று நினைத்திருந்தோம். இப்போது நிஜ மலையைக் கண்டுபிடித்துவிட்டது' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, அதை வரைபடமாகவும் போட்டு, வரைபடத்துக்கு நீல வண்ணம் அடித்தாள். கீழே இறங்கிப் போய் ஒரு பிஸ்கட்டை எடுத்துப் பார்க்கவில்லை. மாடியிலிருந்து கீழே ஒரே ஒரு படிக்கட்டுதான்.

இதற்கிடையில் சோதனை அறைக்கு நிஜ எறும்புகள் வந்துவிட்டன. சன்னல் இடுக்கிலிருந்து மேசைக்கால் வழியாக ஒற்றை வரிசையில் ஏறி, சோதனைத் தட்டுகளைச் சுற்றி மொய்த்தன. அத்தனை வருடத்தில் அந்த மொறுமொறு பிஸ்கட்டை எட்டிக்கூடப் பார்க்காத எறும்புகள். துப்புரவு மேஸ்திரி, "நான் அன்னைக்கே சொல்லல?" என்று டப்பாவும் கையுமாக ஓடிவந்தார். அவரை வாசலிலேயே மறித்தது புரட்சி.

"தொடாதே! முதலாளியம்மா வர்ற நேரத்துல இதைவிட நல்ல சகுனம் ஏது? அவங்க நம்ம ஆளுங்க."

"நம்ம ஆளுங்கன்னா அடையாள அட்டை போட்டுக்கிட்டு வரச் சொல்லுங்க சார்" என்று முனகிக்கொண்டே மேஸ்திரி போனார்.

முதலாளியம்மா வந்த நாள். கூட்ட அறையில் பெரிய திரை, முன்வரிசையில் சோபா, நடுமேசையில் சோதனைப் பொட்டலங்கள் ஒரு குவியல். அந்த அம்மாள் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பேச்சு குறைவு. கேட்டுக்கொண்டிருக்கிறாரா, வீட்டில் அடுப்பை அணைத்தோமா என்று யோசிக்கிறாரா என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது.

புரட்சி முக்கால் மணி நேரம் பேசினார். எறும்பின் உழைப்பு, எறும்பின் ஒற்றுமை, எறும்பின் சேமிப்பு, எறும்புக்கும் தமக்கும் உள்ள ஒற்றுமைகள். "இப்ப உங்க கண் முன்னாலயே கடைசிச் சோதனையோட முடிவு வருது" என்று திரையைக் காட்டினார். அந்தப் பக்கம் மூலையில் நொறுக்கு கம்ப்யூட்டருடன் உட்கார்ந்து எண்ணை அடித்தார்.

நிறை: 101.

புரட்சியின் குரல் உடைந்தே போயிற்று.

"நூற்றுக்கு நூற்றொன்று! அம்மா, உலகத்துல வேற எந்தக் கம்பெனியிலயாவது இது உண்டா?"

"இல்லை!" என்றது கூட்டம். அது முழு உண்மை.

கைதட்டல் ஓயும்வரை பொறுத்திருந்து, "இதைச் சாதிச்ச நம்ம கணக்கம்மா இனி இந்தத் தொழிற்சாலையிலயே நிரந்தரம்னு இந்த மேடையிலயே அறிவிக்கிறேன்" என்றார். மறுபடி கைதட்டல்.

பின்வரிசையில் கணக்கு அந்த எண்ணை இன்னொரு தடவை படித்தாள். நூறு பிஸ்கட்டை எடுத்து உடையாததை எண்ணினால் நூற்றொன்று எப்படி வரும்? நடுவில் ஒரு பிஸ்கட் குட்டி போட்டிருக்க வேண்டும். தட்டைக் கழுவிக்கொண்டே கணவர் சொன்னது அப்போதுதான் காதில் விழுந்தது. எடையும் நிறைதான்.

எதிரே மேசையில் பொட்டலங்கள். ஒவ்வொன்றின் முதுகிலும் இரண்டு அங்குல எழுத்தில்: நிகர நிறை 100 கிராம்.

சும்மா உட்கார்ந்திருந்தால் போதும். வேண்டியது கிடைத்துவிட்டது, மைக்கில் அறிவித்தும் ஆயிற்று. பிஸ்கட் கடைக்குப் போய், பூசணம் பூத்து, திரும்பி வர எப்படியும் ஒரு மாதம் ஆகும். அதற்குள் உத்தரவு கைக்கு வந்துவிடும். சாயங்காலம் மகளைப் பள்ளியிலிருந்து கூட்டிக்கொண்டு நடந்து வரலாம், நாளைக்கும், அடுத்த வருடமும். ரயில் வேண்டாம்.

அவளை எழுந்து நிற்கவைத்தது மனசாட்சி என்று எழுத ஆசைதான். நிஜத்தில் அது எரிச்சல். தன் எறும்புகள் நூற்றொன்றில் ஏறி நிற்பதை, அதற்குக் கைதட்டுவதை, அவளால் சகிக்க முடியவில்லை.

"அது எண்ணிக்கை இல்லம்மா" என்றாள். "எடை."

எல்லோரும் திரும்பினார்கள். நொறுக்கு மட்டும் தலையாட்டினார்.

"ஆமா, எடைதான். நீங்கதானேம்மா நிறையைப் போடச் சொன்னீங்க? ஒண்ணுவிடாம நிறுத்துப் போட்டிருக்கேன். இதுக்குன்னு தராசுகூட பொட்டலப் பிரிவுலேர்ந்து தூக்கிட்டு வந்தேன். ஒரு பொட்டலம் நூறு கிராம். முன்ன கொஞ்சம் குறைச்சலா வந்துச்சு, இப்ப நூத்தி ஒண்ணே வந்துடுச்சு. சந்தோஷம்தானே?"

"உடைஞ்சதை எண்ணலையா அண்ணே?"

"குறை வேண்டாம்னு சொன்னதே நீங்கதான்!"

முதலாளியம்மா கைப்பையைத் திறந்து மூக்குக்கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். ஒரு பொட்டலத்தைப் பிரித்தார். இரண்டு எறும்புகளை ஊதித் தள்ளிவிட்டு ஒரு பிஸ்கட்டை எடுத்து இரண்டு கையாலும் வளைத்தார். அது வளைந்தது. இன்னும் வளைத்தார். இன்னும் வளைந்தது.

"பாருங்க, உடையவே இல்ல!" என்றார் புரட்சி.

அந்த அம்மாள் ஓரத்தைக் கடித்து வெகுநேரம் மென்றார். அறை முழுவதும் அவருடைய தாடையையே பார்த்துக்கொண்டிருந்தது.

"வேகல" என்றார்.

"வெந்தா தண்ணி போயிடும், எடை இறங்கிடும்மா" என்றாள் கணக்கு. "எடையைக் கூட்டுன்னு நாம சொல்லிட்டோம். எறும்பு என்ன பண்ணும்? தண்ணியைக் கூட்டி, சூட்டை இறக்கி, அடுப்புக்குள்ள ஓட்டமா ஓடிடுச்சு."

"அப்ப எறும்பு மேல தப்பில்லையா?"

"இல்லம்மா. தலைப்பு மேலதான். எறும்புக்குப் படிக்கத் தெரியாது, எண் மட்டும்தான் தெரியும். நானும் ஒரு வாரமா ஒரு பிஸ்கட்டைக்கூடக் கடிச்சுப் பார்க்கல."

"தலைப்பை மாத்தினது யாரு?"

அந்த அறையிலிருந்த கண்கள் எல்லாம், எந்த வழிமுறையும் சொல்லிக்கொடுக்காமலே, ஒரே இடத்தில் கூடின.

"அது வந்து, ஒரு கூட்டு முடிவு" என்றார் புரட்சி.

முதலாளியம்மா கண்ணாடியைக் கழற்றினார். "பழைய பலகை இருக்கா?"

"இருக்கும்மா. மாத்தறதுக்கு முன்னாடி எடுத்து வெச்சிருக்கேன். ஆறு வரைக்கும் வந்திருந்துச்சு."

"அங்கேயிருந்தே ஆரம்பிங்க. குறைன்னே எழுதுங்க, எனக்கொண்ணும் கண்ணு அவிஞ்சு போயிடாது." பிறகு புரட்சியைப் பார்த்து, "நூத்தியொண்ணுக்கு எல்லாரும் கைதட்டினீங்க. எழுந்து நிக்கறதுக்கும் ஒரு ஆள் இங்க வேணும். இவங்க எங்கயும் போக வேண்டாம்" என்றார்.

"அதைத்தான் அம்மா நான் முன்னாடியே அறிவிச்சேன்" என்றார் புரட்சி.

துப்புரவு மேஸ்திரி கதவருகிலிருந்து, "அப்ப மருந்து அடிக்கலாமா சார்?" என்று கேட்டார். அனுமதி கிடைத்தது.

எறும்புகள், அதாவது கம்ப்யூட்டர் எறும்புகள், பழைய பலகைக்குத் திரும்பின. இந்தத் தடவை கணக்கு தினமும் கீழே இறங்கி ஈட்டுக்கு ஒரு பிஸ்கட் தின்றாள். கொஞ்சம் சதையும் போட்டாள். பலகையில் இருந்தவை நெருங்கி நெருங்கி வந்தன. அடி சாணிலிருந்து விரற்கடையாகி, விரற்கடையிலிருந்து மயிரிழையாயிற்று. கடைசியில், யாரும் படி கட்டிப் பிடித்திருக்க முடியாத ஓர் இடத்தில், அரை டிகிரிக்கும் முக்கால் டிகிரிக்கும் நடுவில் எங்கோ, போய் நின்றன. நொறுக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து எண்ணினார். குறை: 1. நூற்றுக்கு ஒன்று. "அந்த ஒண்ணும் நான் பழக்கதோஷத்துல உடைச்சதும்மா" என்றார்.

அறிவிப்புப் பலகையில் புதுத் தாள் ஏறியது. இதனால் சகலமானவர்களுக்கும்: நிறையை நாடுவது சாமானியர் இயல்பு; குறையைத் துணிந்து நோக்குவதே மாமனிதர் இயல்பு; இந்தக் 'குறைப் புரட்சி'யை நமது தொழிற்சாலையே உலகுக்கு வழங்குகிறது. அவசரமாகப் படிக்க வேண்டியவர்கள் அவசரமாகப் படித்தார்கள்.

நிரந்தர உத்தரவு கைக்கு வந்த அன்று சாயங்காலம் கணக்கு மகளைப் பள்ளியிலிருந்து கூட்டிக்கொண்டு, முதல் ஈட்டின் ஒரு பொட்டலத்தோடு வீட்டுக்கு நடந்து வந்தாள். கணவர் பொட்டலத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் படித்து, "நிகர நிறைங்கறதை எடைன்னு மாத்தச் சொல்லு. இன்னொரு தடவை தாங்காது" என்றார்.

மகள் பிரித்தாள். மேசைமேல் வட்டப் பால் பிஸ்கட் முழு நிலா மாதிரி கிடந்தது. ஓரத்தில் ஒரு பிசிறு இல்லை, நடுவில் ஒரு கீறல் இல்லை.

"ஆறு திருகுடி. எத்தனை எறும்பு ஊர்ந்து இப்படி வந்திருக்கு தெரியுமா?" என்றாள் கணக்கு.

மகள் பிஸ்கட்டை எடுத்தாள். பட்டென்று இரண்டாக உடைத்து, ஒரு பாதியைப் பாலில் முக்கினாள்.

"ஏண்டி உடைச்ச?"

"முழுசா உள்ள போகாதும்மா."

வட்டப் பால் பிஸ்கட் டம்ளரின் வாயைவிட அகலம். வாங்குகிற எல்லோரும் அதை உடைத்துத்தான் தின்கிறார்கள்.